காட்டுக்குப் போன நான்காம் அத்தியாயம்

எங்கள் கல்லூரியில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்பார்கள். எண்பதுகளின் நடுவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த விரிவுரையாளர்கள் ஐந்தாறு பேர் அங்கே இருந்தோம். எதைப் பற்றி எழுதுகிறாய், என்ன தெரிந்துகொண்டாய் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டதாக நினைவில்லை. பக்கம்தான் பேச்சு. அதில் நான் முதல் ஆள். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் நாலு பக்கம் எழுதிவிடுவேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியும் சிதறாமல் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது காவிரிக் கடைமடையில். சேலத்துக்கு வந்தது வேலை கிடைத்ததால். ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். சேர்வராயன் மலைக் கிராமங்களில் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பது என் ஆய்வு. அதற்காக இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் மலையேறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போய், தலைச்சோலைப் பக்கம் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பினேன். கடைசிப் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பாதிக் கண் தாளிலும் பாதிக் கண் கைக்கடிகாரத்திலும் இருக்கும். அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷிலேயே எழுதிக்கொண்டு போவேன். பிறகு உட்கார்ந்து மொழிபெயர்க்கிற வேலை மிச்சம். இந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சக ஆசிரியைகளிடம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

அந்த வருடம் நவம்பர் முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இன்னொரு முறை கிடையாது. தவறினால் பதிவு காலாவதியாகும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் துறைத் தலைவர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த நாற்காலிக்குப் பட்டம் தேவை. பக்கத்து மேஜை ஆசிரியை ஏற்கெனவே தன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மறைத்து இப்போது எழுதுவதில் பயனில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். ஒரு பள்ளி விடுதியில் விருந்தினர் அறை கிடைத்தது. சேலத்துத் தட்டச்சு நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. ஏற்காடு கடைவீதியில் எஸ்டேட் கடிதங்கள் அடித்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வேலை சுத்தம், பிழையே வராது என்று சொன்னார்கள். அவளிடம் கொடுத்துவிட்டால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வாழவந்தி என்ற மலைக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மளிகைக் கடையை ஒட்டிய ஒரு அரை அறையில், ஒரே ஒரு இங்கிலீஷ் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தாள். காலையில் எஸ்டேட் குமாஸ்தாக்களான ரைட்டர்கள் கொண்டுவரும் கடிதங்கள், மத்தியானத்துக்கு மேல் மற்றவர்கள் வேலை. நான் கொண்டுபோன கையெழுத்துக் கட்டில் ஒரு நாலு தாள் புரட்டிப் பார்த்தாள். பிறகு விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்து என்னிடமே நீட்டினாள்.

"இதை அடிக்க முடியாதுங்க டீச்சர். கோழி கிளறுனாப்பல இருக்குது. ஊகிச்சு அடிச்சுத் தப்பாப் போச்சுன்னா, கார்பன் வெச்ச நாலு காப்பிக்கும் ரப்பர் போட்டு அழிக்கோணும். நிதானமா எழுதிக் குடுங்க. ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் கொண்டாந்தாப் போதும். அதுக்கு மேல ஆவாதுங்க."

இருபது வருடம் படித்தவளைப் பார்த்து, எழுதிக்கொண்டு வா என்று நாலாம் வகுப்புப் பிள்ளையை அனுப்புவதுபோல் அனுப்புகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு ஆள் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். மலையில் வேறு ஆள் இல்லை.

ஆகவே எழுதினேன். விடுதி அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. வெளியே பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் விலகாது. தாளெல்லாம் ஈரம் ஏறி நமுத்துக்கிடக்கும், மை கொஞ்சம் பரவும். வேகமாக எழுதினால் பேனா கிழிக்கும். அந்தத் தாளில் மெதுவாகத்தான் எழுத முடிந்தது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எட்டுப் பக்கம். முதல் இரண்டு நாளும் நான் எழுதியதைவிடத் திட்டியது அதிகம்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு சங்கடம் தொடங்கியது. எழுத்து எழுத்தாக எழுதும்போது, எழுதுவதைப் படிக்க வேண்டியதாகிவிடுகிறது. "மேற்கண்டவற்றிலிருந்து தெளிவாகிறது" என்று ஒரு பத்தியைத் தொடங்கியிருந்தேன். மேலே ஒன்றையும் கண்டிருக்கவில்லை. ஒரே கருத்தை மூன்று பக்கத்தில் மூன்று சட்டை மாற்றி உலவவிட்டிருந்தேன். ஒரு வாக்கியத்தை நாலு முறை படித்தும் அதன் பொருள் எனக்கே விளங்கவில்லை. அதை நான் எழுதியபோது என் மனம் எங்கே இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருந்தது. இதையெல்லாம் மறுபடியும் அழகான கையெழுத்தில் எழுத வெட்கமாக இருந்ததால் வெட்டிவிட்டேன். முதல் அத்தியாயம் பாதியாகச் சுருங்கியது. ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்ள முடியாத முன்னேற்றம் அது.

தட்டச்சுப் பெண்ணிடம் ஒருநாள், இதெல்லாம் படிக்க எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துக் கேட்டதுதான். தான் படிப்பதே இல்லை, எழுத்தைப் பார்த்து எழுத்தை அடிப்பதோடு சரி, படித்துக்கொண்டே அடித்தால் பிழை வரும் என்றாள். அந்தத் தொழிலுக்கு அது நியாயம்தான்.

நவம்பர் நடுவில் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தேன். ஆய்வேட்டின் முதுகெலும்பு என்று என் வழிகாட்டி சொன்ன அத்தியாயம். அவர் சென்னையில் இருந்தார், பெரிய பேராசிரியர். அந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்: மலைக் குடும்பங்களின் பெண்கள் தினமும் வனத்துக்குப் போகிறார்கள். அங்கே அரசு வனத்துக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைத் திருத்திப் பயிர் செய்கிறார்கள். அதைத் தடுக்க வழி காண வேண்டும். வழிகாட்டி இதைப் படித்துவிட்டு, பட்டம் வந்ததும் இந்த அத்தியாயத்தின் பிரதி ஒன்றை வனத்துறைக்கு அனுப்பலாம், உனக்கு நல்ல பெயர் வரும் என்று எழுதியிருந்தார்.

பயிர் செய்கிறார்கள் என்பதற்கு என் ஆதாரம் எருக்கூடை. போகும்போது என்ன எடுத்துப் போவீர்கள் என்ற கேள்விக்குப் பல பெண்கள் எருக்கூடை என்று சொல்லியிருந்தார்கள். வனத்துக்கு எதற்கு எரு? திருட்டுப் பயிருக்குத்தான் என்று அன்று பளிச்சென்று தோன்றியது. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

இப்போது அதே வரியை மெதுவாக எழுதிக்கொண்டிருந்தேன். பெண்கள் தினமும் இரண்டு வேளை எருக்கூடையோடு வனத்துக்குப் போகிறார்கள். "தினமும்" என்ற சொல்லில் பேனா நின்றது. வனக் காவலர்கள் ரோந்து வரும் இடத்துக்குப் பட்டப்பகலில், தலையில் கூடையோடு, தினமும் இரண்டு வேளை திருடப் போவார்களா? போய்விட்டு வந்து, முன்பின் தெரியாத டீச்சரிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் சொல்வார்களா? சொந்த நிலம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் அதே கேள்வித்தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அனேகமாக எல்லோருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த நிலத்துக்கு யார் எரு போடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. முன்பக்கத்துப் பதில்கள் நான்காம் அத்தியாயத்துக்குப் போயின, பின்பக்கத்துப் பதில்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரமிருந்ததில்லை.

உறுத்தியது. ஆனாலும் எழுதி முடித்தேன். அத்தியாயம் முழுவதையும் இரண்டு மூன்று நாளில் கொடுத்தேன், அவளும் அடித்துவிட்டாள். கடைசிப் பக்கங்களைக் கொடுத்த அன்று, அடுத்த நாள் வர வேண்டாம் என்றாள்.

"நாளைக்கு லீவுங்க டீச்சர். எங்க காட்டுல சாமை அறுப்பு. அம்மாவுக்கு ஒத்தையில ஆவாது."

நான் எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தேன். காட்டில் எப்படி சாமை என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. காட்டுலதானுங்களே வெளையும் என்றாள். உங்கள் காடு எங்கே இருக்கிறது என்றேன். ஊட்டுக்குப் பின்னாலதான், அப்பா பேரில் பட்டா இருக்கிறது என்றாள். அப்படியானால் மரமும் மிருகமும் இருக்கிற காட்டை என்னவென்று சொல்வீர்கள்?

"அது பாரஸ்ட்டுங்க. பெரியவங்க சோலைம்பாங்க."

எங்கள் ஊரில் நெல் விளைவது வயல். வீட்டுக்குப் பின்னால் இருப்பது கொல்லை. காடு என்றால் கதையில் ராஜகுமாரன் வழிதவறிப்போகிற காடு, இல்லாவிட்டால் சுடுகாடு. மூன்றாவது அர்த்தம் கிடையாது. அதற்குள் சேலத்தில் ஆறு வருடம் குடியிருந்துவிட்டேன். மாணவிகள் "காட்டு வேலை இருந்துச்சுங்க மிஸ்" என்று எத்தனையோ முறை விடுப்புக் கடிதம் நீட்டியிருக்கிறார்கள். பாவம், விறகு பொறுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் மேட்டு நிலத்தைத்தான் காடு என்கிறார்கள் என்பது மளிகைக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சி செய்தவளுக்குத் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் தான் அடித்து நூல் கட்டி வைத்திருந்த அத்தியாயத்தைப் பார்த்தாள். முதல் முறையாக அதில் ஒரு பக்கத்தைப் படித்தாள்.

"அப்ப எங்க காட்டையெல்லாம் பாரஸ்ட்டுன்னு எழுதியிருக்கறீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுத்துப் பிழையைக் காட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

அறைக்கு வந்து கேள்வித்தாள் கட்டை அவிழ்த்தேன். அதில் காடு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நேரடியாக "ஃபாரஸ்ட்" என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். சிலர் உண்மையிலேயே விறகுக்கும் கடுக்காய்க்கும் வனத்துக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் தங்கள் நிலத்துக்குப் போகிறவர்கள். யார் எதற்குப் போனார்கள் என்பதை அந்தத் தாளைப் பார்த்து ஆண்டவனாலும் சொல்ல முடியாது. மிச்சம்பிடித்த மொழிபெயர்ப்பு நேரத்தின் லட்சணம் அது.

மறுநாள் தபால் நிலையத்தில் டிரங்கால் பதிவு செய்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து வழிகாட்டியிடம் பேசினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஏற்காட்டுக்கு யாரும்மா போய்ப் பார்க்கப் போறா? கொடுத்து முடி. புஸ்தகமா போடறப்ப திருத்திக்கலாம்."

அது தவறான ஆலோசனை என்று இப்போது சொல்வது சுலபம். அன்று அது எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது. இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். ஒரு அத்தியாயம்தானே, மற்றதெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வனத்துறைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அடிக்குறிப்பு ஒன்று போட்டு மூடிவிடலாம் என்றேன். எல்லா வாதத்துக்கும் அடியில் அந்த நாற்காலியும் அதில் ஸ்வெட்டரோடு உட்காரப்போகிறவளும் இருந்தார்கள். ஒப்புக்கு நாலைந்து வீட்டில் விசாரித்துவிட்டு, மனச்சாட்சியின் வாயை அடைத்து, அத்தியாயத்தைக் கொடுத்துவிடுவது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அடித்த தாள்களைப் பையில் போட்டுக்கொண்டுதான் தலைச்சோலைக்குப் பஸ் ஏறினேன். கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது.

கேள்வித்தாள் கட்டில் முதலாவதாக இருந்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பஸ்ஸுக்கு ஓடிய டீச்சர்தானே என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயராம். முக்காலி எடுத்துப் போட்டாள். போன தடவை கேட்டபோது காட்டுக்குப் போவதாகச் சொன்னீர்களே, எந்தக் காடு என்று கேட்க வந்தேன் என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்பக்கம் கைகாட்டினாள்.

"ஏனுங்க, இதுதானுங்க. அன்னைக்கும் இப்படிக் கைகாட்டித்தானுங்க சொன்னேன். நீங்க நிமிந்தே பாக்கலீங்க. எழுதிக்கிட்டே இருந்தீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுச் சுவரைத் தாண்டி பத்தடியில் சரிவு தொடங்கியது. சாமை அறுத்த அடிக்கட்டைகள் நின்றன. வரப்போரம் நாலைந்து ஆரஞ்சு மரம், கீழே கொஞ்சம் காபிச் செடி. ஓரத்தில் ஒரு எருக்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்தே எல்லாம் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூடையை வைத்துத்தான் அவளைத் திருடியாக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பக்கங்கள் என் மடியில் பைக்குள் இருந்தன. அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்குவதற்கு முன் மடியிலிருந்த பையை முக்காலிக்கு அடியில் தள்ளினேன்.

நாலைந்து வீட்டோடு திரும்பிவிடும் எண்ணம் அந்த முக்காலியிலேயே போய்விட்டது. எல்லா வீட்டுக்கும் மறுபடியும் போனேன். ஒரு நாளைக்கு மூன்று வீடு, சில நாள் இரண்டு. கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். அவர்கள் கை காட்டினால் கூடவே நடந்து போய்ப் பார்ப்பேன். வெளியே வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, அவர்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடி தமிழில் எழுதுவேன். நவம்பர் முப்பதாம் தேதி நாலு மணிக்கு ஒரு விவசாயி தன் காட்டின் எல்லைக்கும் பாரஸ்ட்டின் எல்லைக்கும் நடுவில் நின்றுகொண்டு, கல் நட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையில் பல்கலைக்கழக அலுவலகம் மூடும் நேரம் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் கதை பாதியில் இருந்தது. முழுவதையும் கேட்டேன்.

பதிவு காலாவதியானது. வழிகாட்டி அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதவில்லை. நாற்காலி பக்கத்து மேஜைக்குப் போயிற்று. நான் ஓய்வுபெறும் வரை அது எனக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அவள் மணியடித்து என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருந்தது. வேறொரு வழிகாட்டியிடம் மறுபடியும் பதிவு செய்தேன். நாளுக்கு ஒரு பக்கம், பல நாள் அதுவும் இல்லை. "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்டால் சிரித்து வைப்பேன். சில நாளில் அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து அதே தட்டச்சுப் பெண்ணிடம் போனேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டு இயந்திரத்தில் தாளைச் செருகினாள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு இடத்தில் அவள் கை நின்றது. காடு என்ற சொல்லை நான் மொழிபெயர்க்காமல் தமிழிலேயே எழுதியிருந்தேன். அவளுடைய இயந்திரத்தில் தமிழ் எழுத்து கிடையாது.

"எடம் விட்டு அடிக்கறேனுங்க. நாலு காப்பியிலயும் நீங்களே கையால எழுதிருங்க. கோழி கிளறுனாப்பல வேண்டாமுங்க, எங்க காடு அது," என்றாள்.

அச்சடித்ததுபோன்ற இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன இடைவெளிகள். அதே பள்ளி விடுதி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தனையையும் நிரப்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருமுறை நிமிர்ந்து வெளியே பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.